மாரிக்கு முதல் முன்சில்லைப் பாருங்க: டைனமோ லைற் தெரிவு செய்வது பற்றி

ஐப்பசி கடைசியில் வாடைக்காற்று திரும்பினால் மட்டக்களப்பில் பின்னேரம் 5:40க்கெல்லாம் பொழுது பட்டுவிடும். முகில் கட்டிய நாளில் அதற்கும் முன்னமே கருக்கல். ரியூசன் விட்டு வரும் பிள்ளைகளும், வெள்ளாப்பில் (விடியுமுன்) மீன் எடுக்கப் போகிறவர்களும், வயல்வாடியிலிருந்து திரும்புகிறவர்களும் இப்படிக் கருக்கல் நேரங்களில்தான் றோட்டில் இருப்பார்கள். சைக்கிள் கடையில் லைற் விசாரிக்கிற கூட்டமும் அப்போதுதான் கூடும். ஆனால் மழையில் லைற்றும் பிறேக்கும் பெரும்பாலும் கைவிடுவது ஒரே இடத்தில், முன்சில்லில். ஆகவே எந்தச் சில்லு என்று முதலில் முடிவெடுத்துவிட்டு அதற்குப் பொருந்துகிற லைற்றைத் தேடுவதுதான் சல்லியை மிச்சம் பிடிக்கும் வழி.

டைனமோ எல்லாருக்கும் வேண்டியதில்லை. கோட்டைமுனைக்கும் கல்லடிக்கும் இடையில் தெருவிளக்கின் கீழ் 10 நிமிசம் ஓடுகிறவருக்குச் சார்ஜ் பண்ணுகிற லைற் ஒரு சோடி போதும். மண்முனைப் பாலம் தாண்டிக் கொக்கட்டிச்சோலைப் பக்கமோ, பட்டிருப்புப் பாலம் தாண்டி வெல்லாவெளிப் பக்கமோ, திருக்கோவிலில் இருந்து பொத்துவில் றோட்டாலோ போய் வருகிறவர்களின் கதை வேறு. அடைமழை நாளில் கரன்ட் போகும், லைற் சார்ஜ் ஏறாது. சார்ஜ் வயர் குத்துகிற ஓட்டையின் றப்பர் மூடி ஒரு மாரிக்குள் தளர்ந்துவிடும். வாவிக்கரையின் உப்பு ஈரம் உள்ளே போனால் பித்தளை பச்சை பூத்து அதோடு சரி. மிதித்தால் எரியும் என்பதுதான் டைனமோவின் ஒரே பெருமை, அந்த ஒன்று போதும்.

போத்தல் டைனமோ

ரயரின் பக்கவாட்டில் உரசி ஓடும் பழைய போத்தல் டைனமோவை இன்னும் நல்லபடி ஓட்டலாம். மலிவு, தேவையில்லாத நேரம் தட்டி விலக்கினால் துளி பாரமும் இல்லை. குறை என்னவென்றால், லைற் அதிகம் தேவைப்படுகிற மழைநேரத்தில்தான் அது வழுக்கும். ரயரில் தண்ணிப்படலமும் கிறவல் றோட்டுச் சேறும் சேர்ந்தால் உருளை பிடியில்லாமல் நின்று நின்று சுற்றும். அப்படி வழுக்கும் ஒவ்வொரு தடவையும் மண் அரைபட்டு உருளையின் பல்லும் மழுங்கும், ரயரின் பக்கமும் தேயும். வெடித்துப்போன பழைய ரயரில் டைனமோவை வைத்தால் உள்ளே இருக்கும் நூல் தெரியும்வரை தின்றுவிடும்.

வழுக்கலைக் குறைக்க மூன்று விசயம் பார்க்க வேணும். முதலாவது, நேர். டைனமோவை ரயரோடு முட்டவிட்டு, அதன் நடுக்கோட்டை ஒரு நூலால் நீட்டிப் பாருங்க. நூல் சில்லின் அக்சில் நடுவில் போய் முட்ட வேணும். கொஞ்சம் சரிந்திருந்தாலும் உருளை உருளாமல் தேய்க்கும், மிதி இறுகும், கீச்சுச் சத்தம் கேட்கும். இரண்டாவது, சில்லு ஆடக்கூடாது. பக்கவாட்டில் 2 மி.மீ.க்கு மேல் ஆடுகிற சில்லில் வெளிச்சம் துடிக்கும். நிப்பிள் சாவி (ஸ்போக் கம்பியை இறுக்கும் சாவி) பிடித்துச் சில்லை நேராக்கிவிட்டு டைனமோவைப் பூட்டுங்க. மூன்றாவது, காற்று. தளர்ந்த ரயர் உருளைக்கு வளைந்து கொடுக்கும். உருளைக்கு மேல் போடும் றப்பர் தொப்பி ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும். உருளையின் விட்டம் கூடுவதால் சுற்று கொஞ்சம் குறையும், மெதுவாகப் போகும்போது வெளிச்சம் சற்று மங்கும். அது பரவாயில்லை.

பூட்டும் இடமும் கவனம். முன் போர்க்கில் பூட்டிய போத்தலின் நட் கழன்றால் அது ஸ்போக் கம்பிக்குள் விழுந்து முன்சில்லை அப்படியே பூட்டிவிடும், ஆள் ஹான்டிலுக்கு மேலால் போவார். பின்சில்லில், சீற்றுக்குக் கீழே இறங்கும் குழாயில் பூட்டினால் அந்த ஆபத்து குறைவு. முன்னுக்குத்தான் வேணும் என்றால் இரண்டாவது நட் போட்டுப் பூட்டி, மாதம் ஒரு தரம் இறுக்கிப் பாருங்க.

பல்ப் கணக்கு

டைனமோவில் 6 வோல்ற் 3 வாட் என்று அடித்திருக்கும். வேகம் கூடக் கூட வோல்ற் ஏறும். ஆனால் கொயிலின் குணத்தால் கரன்ட் அரை அம்பியரில் ஏறத்தாழ நின்றுவிடும். ஒரு அளவு வேகத்துக்கு மேல் டைனமோ எப்போதும் 0.5 அம்பியரைத் தள்ளும் என்று வைத்துக்கொள்ளுங்க. முன்பல்ப் 2.4 வாட், அது 0.4 அம்பியர் எடுக்கும். பின்பல்ப் 0.6 வாட், அது 0.1 எடுக்கும். கூட்டினால் 0.5, கணக்கு சரி.

இப்போது பின்பல்ப் எரிந்து போனால் அந்த 0.1 அம்பியரும் முன்பல்ப்புக்குள் போகும். அது அளவுக்கு மீறி வெளிச்சமாகி, கண்ணாடி கறுத்து, கெதியில் போய்விடும். முன்பல்ப் முதலில் போனால் இன்னும் மோசம்: முழு அரை அம்பியரும் சின்னப் பின்பல்ப்பில் விழ, அது கண் மூடித் திறப்பதற்குள் போகும். ஓட்டுகிறவருக்கு இரண்டும் ஒன்றாக அணைந்ததுதான் தெரியும், டைனமோ பழுது என்று புதுசு வாங்கிவிடுவார். இந்த ஒரு காரணத்தாலேயே நல்ல டைனமோக்கள் பழைய இரும்புக்குப் போகின்றன. பின்லைற் இல்லாமல் ஓடுகிற சைக்கிள் என்றால் முன்னுக்கு 2.4 இல்லை, 6 வோல்ற் 3 வாட் பல்ப் போட வேணும். ரோச் பல்ப்பும் அதே திருகில் ஏறும், ஆனால் அது 2.5 வோல்ற் சாமான். முதல் பள்ளம் இறங்கும்போதே போய்விடும்.

ஹப் டைனமோ: வாங்கும் முன் சோதிப்பது

மழைக்கென்றே ஒன்றைத் தெரிவு செய்வதென்றால் முன்சில்லின் ஹப்புக்குள்ளேயே (சில்லின் நடுக்குடத்துக்குள்) இருக்கும் டைனமோதான். உரசுவதற்கு எதுவும் இல்லை, ஆகவே வழுக்குவதற்கும் இல்லை. ஷிமானோ, ஜெர்மனியின் சோன் போன்றவை புதிதாகச் செய்கின்றன. விலை கேட்டால் இங்கே பலருக்குத் தலை சுற்றும். நமக்கு எட்டுகிற வழி, ஜப்பானில் பாவித்து இங்கே வந்திறங்கும் கூடை வைத்த சைக்கிள்கள். அவற்றில் பலதின் முன்சில்லில் ஹப் டைனமோவும், இருட்டினால் தானாக எரியும் லைற்றும் இருக்கும். முன்சில்லின் நடு, சாதாரண ஹப்பைவிடக் கொழுத்து, வலப்பக்கம் வயர் ஏறுகிற பிளாஸ்ரிக் முனை தெரிந்தால் அதுதான்.

கடையிலேயே சோதிக்கலாம். சில்லைத் தூக்கி அக்சிலை விரலால் மெதுவாகத் திருப்புங்க. கட்டை கட்டையாக, ஒரே இடைவெளியில் தடுக்கும். அது உள்ளே இருக்கும் காந்தம், பழுதில்லை. அந்தத் தடுப்புக்கு நடுவில் ஒழுங்கில்லாமல் மணல் அரைவது மாதிரிக் கை உணர்ந்தால் போல்ஸ் (உள்ளே உருளும் இரும்புக் குண்டுகள்) கெட்டிருக்கு. அடுத்து, சில்லைக் கையால் சுழற்றி விட்டு எவ்வளவு நேரத்தில் நிற்கிறது என்று பாருங்க. பிறகு இரண்டு முனையையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டு அதே மாதிரிச் சுழற்றுங்க. இந்த முறை தெளிவாகச் சீக்கிரம் நிற்க வேணும். வித்தியாசமே இல்லையென்றால் உள்ளே கொயில் அறுந்திருக்கு, காசு கொடுக்காதீங்க. ஒற்றை முனை மட்டும் உள்ள ஹப்பில் மற்ற முனை அக்சில்தான். மீற்றர் வைத்திருப்பவர் முனைகளுக்கிடையில் ஓம் பார்த்தால் ஒற்றை இலக்கத்தில் சில ஓம் காட்டும். ஒன்றும் காட்டாவிட்டால் அறுந்தது.

உள்ளே கழற்றிப் பார்க்கிற ஆசையை மட்டும் அடக்குங்க. வயர் ஏறும் பக்கத்து நட்டையும் கோனையும் (போல்ஸைப் பிடித்திருக்கும் கூம்பு நட்) அக்சிலைப் பிடிக்காமல் திருகினால் உள்ளிருக்கும் மெல்லிய வயர் முறுகி அறும். கிறீஸ் மாற்றுவதென்றால் மற்றப் பக்கத்துக் கோனோடு நிறுத்திக்கொள்ளுங்க.

பாரம் பற்றிக் கேட்பவர்களுக்கு: 3 வாட் வெளிச்சம் எடுக்கப் போத்தல் டைனமோ 7, 8 வாட் அளவில் காலிடம் வாங்கும். ஹப் டைனமோ 5, 6 வாட்டோடு விடும். ஆனால் ஹப் டைனமோவைத் தட்டி விலக்க முடியாது, லைற் அணைந்திருக்கும்போதும் 1, 2 வாட் பிடிக்கும். ஆறுதலாக மிதிக்கிற ஆள் 60, 70 வாட் கொடுக்கிறார் என்று பார்த்தால் அது பெரிய விசயமில்லை. வாடைக்கு எதிரே கல்முனையிலிருந்து வடக்காக மிதிக்கிறவருக்குக் காற்றுதான் பாரம், டைனமோ இல்லை.

வீட்டுக் கொட்டிலில் பழைய றலி, ஹம்பர் சைக்கிள் கிடந்து அதன் முன் ஹப் தட்டு மாதிரி அகலமாக இருந்தால் எறிந்துவிடாதீங்க. அது ஸ்ரேர்மி-ஆர்ச்சர் கொம்பனி 1936 முதல் செய்த டைனோஹப் வகையாக இருக்கலாம். அதன் பிற்காலத்து ஜீ.எச்.6 என்ற மாதிரி 6 வோல்ற் 1.8 வாட்தான் தரும், 2.4 வாட் பல்ப் அதில் மங்கித்தான் எரியும். எல்.ஈ.டி.க்கு அது தாராளம். ஆனால் காந்த வளையத்தையும் உள்ளே இருக்கும் கொயில் கட்டையையும் பிரித்தெடுத்தால் காந்தம் பலவீனப்பட்டுவிடும், பிறகு ஒட்டினாலும் பழைய வெளிச்சம் வராது.

எந்தச் சைக்கிளுக்கு எந்தச் சில்லு

ஜப்பான் சைக்கிளையே முழுசாக வாங்குகிறவருக்கு இந்தப் பகுதி தேவையில்லை. தன் சைக்கிளுக்குச் சில்லை மாற்றுகிறவர்தான் அளவெடுக்க வேணும், சல்லி வீணாவதும் பெரும்பாலும் இங்கேதான்.

ஜப்பான் சில்லு 26 x 1⅜, ரயரில் 37-590 என்று எழுதியிருக்கும் (590 என்பது ரயர் உட்காரும் றிம்மின் விட்டம், மி.மீ.யில்). நம்முடைய பெரிய கம்பிப் பிறேக் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கிற பிறேக்) சைக்கிள் 28 x 1½, அது 40-635. மலைச்சைக்கிள் மாதிரியான 26 அங்குலம் 559. மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பெயரில் 26 என்று இருப்பதை நம்பி 590க்கு 559 ரயரை வாங்கி வந்து கடையில் சண்டை பிடிப்பவர்கள் உண்டு. ரயரின் பக்கத்தில் இருக்கும் கடைசி மூன்று இலக்கத்தை மட்டும் நம்புங்க.

பெரிய சைக்கிளில் ஜப்பான் சில்லை அப்படியே போட்டால் கம்பிப் பிறேக் கட்டை றிம்மைத் தொடாது, ஆரத்தில் 22 மி.மீ. இடைவெளி விழும். அதற்கு ஹப்பை மட்டும் எடுத்துப் பழைய றிம்மில் ஸ்போக் கம்பி கோர்க்கலாம் என்று தோன்றும். அங்கேதான் ஓட்டைக் கணக்கு இடிக்கும். ஆங்கிலேய முறைப் பெரிய சைக்கிளுக்கு வழக்கமாக முன்னுக்கு 32, பின்னுக்கு 40. ஜப்பான் ஹப் பெரும்பாலும் 36. நாலு ஓட்டையை விட்டுவிட்டுக் கோர்க்கிற வேலைக்குப் போகாதீங்க, அப்படிக் கோர்த்த சில்லு கிறவல் றோட்டில் நாளுக்கு நாள் ஆடும். 32 ஓட்டை ஹப் டைனமோ கிடைத்தால் கோருங்க, இல்லையென்றால் பெரிய சைக்கிளுக்குப் போத்தலோடு இருப்பதே மரியாதை. அக்சில் தடிப்பும் வேறு. பழைய போர்க்கின் வாய் 5/16 அங்குல அக்சிலுக்கு வெட்டியது, டைனமோ அக்சில் அதைவிடத் தடிப்பு. அக்சிலை அரம் போடவே கூடாது. போர்க் வாயை இரண்டு பக்கமும் சமமாக, நடு மாறாமல் தேய்க்கத் தெரிந்த பாஸிடம் (கைதேர்ந்த வேலைக்காரரிடம்) கொடுக்க வேணும். போர்க்கின் உள்ளகலத்தையும் ஹப்பின் அகலத்தையும் அடிமட்டம் வைத்துப் பார்க்காமல் எதுவும் வாங்காதீங்க. புதிய போர்க்குகள் 100 மி.மீ., பழையவை அதைவிட ஒடுக்கம்.

மலைச்சைக்கிள் வைத்திருப்பவருக்கு வழி சுலபம். 36 ஓட்டை உள்ள 559 அலுமினிய றிம்மில் ஜப்பான் ஹப்பை மூன்று குறுக்கில் (ஒவ்வொரு கம்பியும் வேறு மூன்று கம்பியைக் குறுக்கே தாண்டும்படி) கோர்த்தால் நல்ல மாரிச்சில்லு வரும். பழைய 590 கம்பியைவிடப் புதுக்கம்பி ஏறக்குறைய 15 மி.மீ. குட்டையாக வேணும். றிம்முக்கு றிம் ஆழம் மாறுவதால் இதைக் கண்மதிப்பில் வாங்காமல், எதிரெதிர் ஓட்டையில் நிப்பிள் போட்டு உள்விட்டத்தை அளந்து கணக்குப் பாருங்க. கம்பி 14 கேஜ், அதாவது 2 மி.மீ., கறள் பிடிக்காத ஸ்டெயின்லெஸ். நிப்பிள் பித்தளை. கடற்கரைப் பக்கம் ஓடுகிற சைக்கிளில் வெறும் இரும்பு நிப்பிள் இரண்டு மாரிக்குள் கம்பியோடு ஒட்டிப்போகும், பிறகு சில்லை நேராக்கவே முடியாது. கோர்த்த புதுசில் ஒரு கிழமை ஓடியபின் கம்பிகள் இளகும், திரும்ப ஒரு தரம் இறுக்க வேணும்.

றிம்மைப் பற்றி ஒரு சொல்லில் முடிக்கலாம்: அலுமினியம். பளபளக்கும் குறோம் இரும்பு றிம் நனைந்தால் முதல் சில சுற்றுக்குப் பிறேக் இருப்பதே தெரியாது, கட்டை தண்ணியை வழித்த பிறகும் அரைகுறைதான். அலுமினிய றிம்மும் நனையும், ஆனால் ஒரு சுற்றில் வழித்துவிட்டுப் பிடிக்கும். வெளிநாட்டிலிருந்து சாமான் எடுப்பிக்கக் கூடியவருக்கு இன்னொரு வழியும் இருக்கு. ஸ்ரேர்மி-ஆர்ச்சரின் எக்ஸ்-எப்.டி.டி. ஹப்பில் டைனமோவும் 70 மி.மீ. டிரம் பிறேக்கும் ஒன்றாக வரும், எக்ஸ்.எல். மாதிரியில் டிரம் 90 மி.மீ. மழை பிறேக்கைத் தொடாது. போர்க்கில் பிறேக் கையைக் கட்டும் கிளிப் இறுக்கமாக இருக்க வேணும், அது கழன்றால் அக்சில் சேர்ந்து சுற்றி டைனமோ வயரை அறுத்துவிடும்.

வயர்தான் பாதி வேலை

இருட்டில் லைற் செத்துப்போனால் முதல் சந்தேகம் டைனமோ மேலும் இல்லை, லைற் மேலும் இல்லை, ஏர்த் மேல்தான். பழைய முறையில் ஒரு வயர்தான் போகும், திரும்பும் வழி சைக்கிளின் இரும்பு. கிளிப்பில் இருக்கும் கூர் ஆணி பெயின்றைக் குத்தி இரும்பைத் தொட வேணும். அந்த ஊசிமுனை அளவு இடத்தில் உப்புக்காற்று பட்டுக் கறள் பூத்தால் வழி அடைபட்டது. ஆணியைத் திருகி மறுபடி குத்தினால் அன்றைக்கு எரியும், அடுத்த மழைக்கு நிற்கும். நிரந்தர மருந்து இரண்டாவது வயர். 0.5 சதுர மி.மீ. இரட்டை வயர் 3 மீற்றர் வாங்கினால் முன்னுக்கும் பின்னுக்கும் காணும்.

மூட்டுகளைச் சொல்டர் பண்ணிச் சுருங்கும் குழாய் போட்டு மூடுங்க. வெறும் இன்சுலேசன் ரேப் வெயிலில் பசை இளகி, மழையில் அவிழ்ந்துவிடும். ஹப்பின் முனையில் வயரைப் பூட்டும் முன் கொஞ்சம் வசலின் தடவுங்க. வயரை வெட்டும்போது உள்ளே செம்பு கறுத்திருந்தால் பளபளப்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போக வேணும், கறுத்த செம்பில் சொல்டர் ஒட்டாது. ஹான்டில் திரும்பும் இடத்தில் ஒரு விரல் நுழையும் அளவு தளர்வு விடுங்க. கம்பிப் பிறேக் உள்ள சைக்கிளில் வயரை அந்தப் பிறேக் கம்பியோடு கட்டவே கட்டாதீங்க. பிறேக் பிடிக்கிற ஒவ்வொரு தரமும் அது அசைந்து வயரை அறுக்கும்.

லைற்

இப்போதுதான் லைற். டைனமோவுக்கென்றே செய்த எல்.ஈ.டி. லைற் வாங்கினால் நின்ற பின்னும் சில நிமிசம் எரியும் வகையைக் கேட்டு எடுங்க. ஹப் டைனமோ ஒரு சுற்றுக்கு 13, 14 தரம்தான் அலையடிக்கும், ஆகவே நடை வேகத்தில் சாதாரண லைற் மினுங்கும், நின்றால் அணையும். உள்ளே சேமிப்பு உள்ள லைற் தாம்போதி (மழைத்தண்ணி மேலால் பாயும் தாழ்ந்த றோட்டு) முன்னால் நின்று தண்ணி பார்க்கும்போதும் எரியும்.

சொல்டர் பிடிக்கத் தெரிந்தவர் பழைய லைற் கூட்டுக்குள் தானே செய்யலாம். 1என்5819 டயோட் நாலைப் பாலமாகக் (அலையடிக்கும் கரன்டை ஒரே திசைக்குத் திருப்பும் கட்டு) கட்டி, அதில் 3 வாட் வெள்ளை எல்.ஈ.டி. இரண்டைத் தொடராகப் போட்டு, 2200 மைக்றோபரட் 25 வோல்ற் கப்பாசிற்றர் ஒன்றைக் குறுக்கே வையுங்க. சாதாரண சிலிக்கன் டயோட் பாலம் 1.4 வோல்ற்றைத் தின்னும், 6 வோல்ற்றில் அது பெரிய பங்கு. 1 வாட் எல்.ஈ.டி. 0.35 அம்பியருக்குச் செய்தது, அரை அம்பியரில் வெந்துவிடும், ஆகவே 3 வாட். அதையும் அலுமினியத் தகட்டில் ஒட்ட வேணும். ஓடும்போது எல்.ஈ.டி. வயர் அறுந்தால் வோல்ற் கட்டுக்கடங்காமல் ஏறிக் கப்பாசிற்றர் வெடிக்கும், 10 வோல்ற் 5 வாட் சீனர் டயோட் (வோல்ற் மீறாமல் தடுக்கும் டயோட்) ஒன்று குறுக்கே இருந்தால் தப்பும். கூட்டின் அடியில் 3 மி.மீ. ஓட்டை ஒன்று போடுங்க. எவ்வளவு மூடினாலும் உள்ளே வியர்க்கும், அது வடிய வழி வேணும்.

நனைந்த தார் றோட்டு வெளிச்சத்தை முன்னுக்கே தெறித்துவிடும், உங்கட கண்ணுக்குத் திரும்பி வராது. அதனால் எவ்வளவு வலுவான லைற் போட்டாலும் மழையில் றோட்டு கறுப்பாகத்தான் தெரியும். ஹான்டிலுக்கு மேல் வைத்த லைற் மழைத்துளிகளைக் கண்ணுக்கு முன்னால் வெள்ளைத் திரையாக்கும். போர்க்கின் தலையில், நிலத்திலிருந்து 60 முதல் 80 செ.மீ. உயரத்தில் வைத்தால் திரை குறையும், குழியின் விளிம்பில் நிழல் விழுந்து குழி தெரியும். சாய்வு வைக்க, சமதரையில் சுவருக்கு 5 மீற்றர் தள்ளிச் சைக்கிளை நிறுத்துங்க. வெளிச்சத்தின் நடு, லைற்றின் உயரத்தில் பாதியில் சுவரில் விழ வேணும். அதற்கு மேல் போனால் எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும்.

பின்லைற்றை மட்காட்டில் பூட்டிவிட்டு அதற்கு மேல் மீன்பெட்டியையோ அரிசி மூட்டையையோ தொங்கவிட்டால் லைற் இருந்தும் இல்லாத கணக்கு. சாமான் ஏற்றுகிற சைக்கிளுக்குக் கரியரின் பின் விளிம்பிலோ பெட்டியின் முதுகிலோ லைற்றைப் பூட்டுங்க, பெட்டி கழன்று வரும் என்றால் வயரில் ஒரு இணைப்பு வையுங்க. டைனமோ எதுவானாலும் சிவப்பு றிஃப்ளெக்டர் ஒன்று தனியாக வேணும், மட்காட் நுனியில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைப் பெயின்றும் அடித்தால் நல்லது. லைட் இல்லாத டிரக்டர் பெட்டிக்குப் பின்னால் மட்டும் ஒட்டி ஓடாதீங்க.

தாம்போதியில் தண்ணி அக்சில் உயரத்துக்கு வந்தால் சைக்கிளை ஓட்டாமல் தூக்கிக்கொண்டு போங்க, இழுவை இருந்தால் இறங்கவே வேண்டாம். ஹப்பின் றப்பர் மழைக்குச் செய்தது, முங்குவதற்கு இல்லை. ஓடிச் சூடான ஹப் தண்ணியில் முங்கினால் உள்ளே காற்றுச் சுருங்கித் தண்ணியை இழுத்துக்கொள்ளும். சேர்விஸ் ஸ்ரேசனில் பிரஷர் தண்ணியை ஹப்பில் அடிப்பதும் அதே கேடுதான். கடற்கரைப் பக்கம் ஓடிய நாளில் ஒரு வாளி நல்ல தண்ணியை மேலால் ஊற்றித் துணியால் துடைத்தால் போதும். போத்தல் டைனமோக்காரர் 2.4 வாட் ஒன்றும் 0.6 வாட் ஒன்றுமாகப் பல்ப் இரண்டைப் பழைய ரியூப் துண்டில் சுற்றிச் சீற்றுக்குக் கீழே கட்டி வைத்துக்கொள்ளுங்க.